கோட்டா இருந்தும் கரையில் நின்ற படகுகள்: ‘சோல்’ மீன் தொழிலில் என்ன நடக்கிறது?

2021-ம் ஆண்டு வட கடலில் ‘சோல்’ மீன் பிடிக்க அனுமதிக்கப்பட்ட அளவு 21,000 டன்னுக்கும் மேல். அந்த ஆண்டு உண்மையில் பிடிபட்டது அதில் பாதிகூட இல்லை. மூன்றே ஆண்டுகளில், 2024-ல், அனுமதிக்கப்பட்ட அளவே 4,000 டன்னுக்குக் கீழே இறங்கிவிட்டது.

இந்த எண்களைப் பார்த்தவுடன் ‘கடலில் மீன் காலி’ என்று சொல்லிவிடத் தோன்றும். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியில் டீசல் விலை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பிரெக்ஸிட் இருக்கிறது, ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நடந்த ஒரு வாக்கெடுப்பும் இருக்கிறது. நெதர்லாந்தை விட்டு பிரான்சுக்குப் போனால், அங்கே சோல் படகுகளை நிறுத்தியது டால்பின். அலாஸ்காவில் ஹாலிபட் என்ற வேறொரு மீன். கலிபோர்னியா பக்கம் போனால், பிடிக்க ஆள் இருந்தும் வாங்க ஆள் இல்லை. எவ்வளவு சோல் கரைக்கு வரும் என்பதைப் பல நாடுகளில் தீர்மானிப்பது சோல் அல்ல. அதைச் சுற்றியிருக்கும் வேறு ஏதோ ஒன்று.

அது என்ன மீன்?

சோல் ஒரு தட்டை மீன். நம்மூர்ச் சந்தையில் ‘நாக்கு மீன்’ என்று கூறுகட்டி வைத்திருப்பார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம். முட்டையிலிருந்து வெளிவரும்போது மற்ற மீன்களைப் போலத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண். சில வாரங்களில் ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து மறுபக்கத்துக்கு வந்துவிடும். அதன்பிறகு குருட்டுப் பக்கத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வதுதான் அதன் வாழ்க்கை. ஐரோப்பிய சோலுக்கு இரண்டு கண்களும் வலப்பக்கம். நம் நாக்கு மீனுக்கு இடப்பக்கம்.

தட்டை மீன்களுக்கும் தமிழுக்கும் ஒரு சுவாரஸ்யமான தொடர்பும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் கிடைக்கும் ஒரு பெரிய தட்டை மீனுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ‘செட்டோடெஸ் எருமெய்’. 1801-ல் தரங்கம்பாடியில் கிடைத்த மீனை வைத்து எழுதப்பட்ட விவரணை அது. நம் மீனவர்கள் சொன்ன ‘எருமை நாக்கு’ அப்படியே லத்தீன் பெயருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

ஆனால் ‘சோல்’ என்ற பெயரை நம்பி மீன் வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். ஐரோப்பாவின் விலை உயர்ந்த ‘டோவர் சோல்’ ஒரு மீன். டோவரில்தான் பிறக்கிறது என்பதற்காக அந்தப் பெயர் வரவில்லை; லண்டனுக்கு அந்த மீனை அனுப்பிய துறைமுகம் டோவர், அதனால் வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ‘டோவர் சோல்’ என்றே ஒரு மீன் விற்கிறார்கள். அது வேறு குடும்பம், வேறு ருசி, விலையும் வெகு குறைவு. ‘லெமன் சோல்’ சோலும் அல்ல, எலுமிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. அலாஸ்காவின் ‘மஞ்சள் துடுப்பு சோல்’ என்பதும் சோல் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. தட்டையாக, வெள்ளைச் சதையோடு இருந்தால் சோல் என்று விற்றுவிடுவது வியாபாரத்தில் பழைய வழக்கம். நல்ல பெயருக்கு நல்ல விலை.

அந்த நல்ல பெயர் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுச் சமையலிலிருந்து. மாவில் புரட்டி, வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து தரும் ‘சோல் மூனியே’ உணவகங்களின் கௌரவப் பண்டம். அமெரிக்காவுக்கு பிரெஞ்சுச் சமையலை அறிமுகப்படுத்திய ஜூலியா சைல்ட், 1948-ல் ரூவன் நகரில் சாப்பிட்ட இந்த மீன்தான் தன் வாழ்க்கையை மாற்றியது என்று சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு மவுசு இருப்பதால், ஒரே வலையில் விழும் மற்ற தட்டை மீன்களைவிட சோலுக்குப் பல மடங்கு விலை. அந்த விலைக்காகத்தான் அடுத்து வரும் எல்லாச் சிக்கலும்.

மண்ணுக்குள் இருப்பதை எப்படி எடுப்பது?

சோல் பகலில் கடலடி மணலுக்குள் புதைந்து கிடக்கும். இரவில்தான் இரை தேட வெளியே வரும். சும்மா ஒரு வலையை இழுத்துக்கொண்டு போனால், வலை அதன் தலைக்கு மேலே போய்விடும்; மீன் அசையாது.

அதற்கு டச்சுக்காரர்கள் 1960-களில் பெரிய அளவில் கையிலெடுத்த வழி, பீம் டிராலிங். படகின் இரு பக்கமும் நீளும் கைகளில் ஆளுக்கொரு வலை. வலையின் வாயைத் திறந்து வைத்திருக்க 12 மீட்டர் வரை நீளமுள்ள இரும்புக் குழாய். வலைக்கு முன்னால் வரிசையாகக் கனத்த சங்கிலிகள். இவை கடலடியை உழுதுகொண்டே போகும்போது, புதைந்து கிடக்கும் சோல் திடுக்கிட்டு எழும். பின்னால் வரும் வலைக்குள் விழும். நிலத்தில் ஏர் ஓட்டுவதுபோலத்தான். இங்கே மாட்டுக்குப் பதிலாக 2,000 குதிரைத்திறன் வரை உள்ள இன்ஜின்.

இதில் மூன்று பிரச்சினைகள் உண்டு. முதலாவது, டீசல். டன் கணக்கில் எடையுள்ள இரும்பை மணலில் உரசிக்கொண்டு மணிக்கு ஆறு கடல் மைலுக்கும் மேல் வேகத்தில் இழுக்க வேண்டும். எண்ணெய் விலை ஏறினால் முதலில் அடிபடுவது இந்தப் படகுதான். இரண்டாவது, கடலடி. சங்கிலி போன வழியில் புழு, சிப்பி, நண்டு எனப் பலவும் அடிபடும்.

மூன்றாவது சிக்கல் வலைக்கண்ணில் இருக்கிறது. சோல் ஒல்லியான, வழுக்கும் மீன். பெரிய கண்ணி வைத்தால் நழுவிப் போய்விடும். அதனால் தெற்கு வட கடலில் 80 மில்லிமீட்டர் கண்ணிக்கு அனுமதி தந்தார்கள். 24 சென்டிமீட்டர் என்ற குறைந்தபட்ச அளவைத் தாண்டிய சோலைப் பிடிக்க அது சரியான கண்ணி. ஆனால் அதே தரையில் வாழும் ‘பிளைஸ்’ என்ற அகலமான தட்டை மீனின் குஞ்சுகள்கூட அதில் தப்ப முடியாது. விலை உள்ள ஒரு மீனுக்காக, விலை இல்லாத வேறொரு மீனின் குஞ்சுகள் கூடை கூடையாக மேலே வந்து, பெரும்பாலும் செத்து, கடலுக்கே திரும்பின.

இயற்கையும் தன் பங்குக்கு இந்தத் தொழிலை ஆட்டுவிக்கும். 1962-63 குளிர்காலம் ஐரோப்பாவில் கொடுமையானது. குளிர் தாங்காமல் வட கடலில் சோல் கூட்டம் கூட்டமாகச் செத்தது. ஆனால் அதே 1963-ல் பிறந்த குஞ்சுகள் எக்கச்சக்கமாகப் பிழைத்தன. அடுத்த சில ஆண்டுகள் மீனவர்களுக்கு அறுவடைதான். சோல் தொழிலில் சராசரி ஆண்டு என்று ஒன்று கிடையாது. ஏதோ ஒரு நல்ல ஆண்டில் பிறந்த மீன்களை வைத்துத்தான் அடுத்த பல ஆண்டுகள் ஓட்ட வேண்டும்.

கடலுக்குள் கரன்ட்

சங்கிலிக்கு மாற்றாக நெதர்லாந்தில் 1970-களிலிருந்தே ஒரு யோசனை ஆய்வில் இருந்தது. சங்கிலியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மின்கம்பிகளை வைத்தால்? லேசான மின்துடிப்பு பட்டதும் சோலின் தசை இறுகி, உடம்பு வில்லாக வளையும். வளைந்தால் மணலை விட்டு மேலே வந்துதான் ஆக வேண்டும். மண்ணைக் கிளற வேண்டியதில்லை, வேகமாக இழுக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் ஐரோப்பாவில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். 1998-ம் ஆண்டின் விதியில் வெடி, விஷம், மின்சாரம் மூன்றும் ஒரே பட்டியலில் இருந்தன. 2007 முதல், ஒவ்வொரு நாடும் தன் பீம் டிராலர்களில் 5 சதவீதத்துக்கு மட்டும் விலக்கு தரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் கதவை லேசாகத் திறந்தது. நெதர்லாந்து அந்தக் கதவை முழுசாகவே திறந்துவிட்டது. முதலில் 22 உரிமங்கள். பிறகு ஆராய்ச்சி என்ற பெயரில் 20. அதன்பிறகு ‘பைலட் திட்டம்’ என்று 42. மொத்தம் 84. டச்சு சோல் படகுகளில் பெரும்பகுதி கரன்ட்டுக்கு மாறிவிட்டது. இதற்கு மேலும் ‘ஆராய்ச்சி’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

படகுக்காரர்களுக்கு லாபம் கண்ணுக்குத் தெரிந்தது. டீசல் செலவு ஏறக்குறைய பாதியானது. இழுக்கும் வேகம் ஐந்து கடல் மைலுக்கு வந்தது. வேண்டாத மீன் வரத்தும் குறைந்தது. நஷ்டத்தில் தள்ளாடிய படகுகள் மீண்டும் காசு பார்த்தன.

எதிர்ப்பு வந்தது பக்கத்து நாட்டுச் சிறு மீனவர்களிடமிருந்து. இங்கிலாந்தின் தேம்ஸ் முகத்துவாரத்திலும் பிரான்சின் டன்கிர்க் பகுதியிலும் சிறிய படகில் வலை விரிப்பவர்கள், டச்சுப் படகுகள் போன பிறகு கடல் வெறிச்சோடிக் கிடக்கிறது என்றார்கள். பெரிய காட் மீன்களுக்கு ஆய்வகத்தில் மின்துடிப்பு கொடுத்தபோது சிலவற்றின் முதுகெலும்பு முறிந்ததும் வெளியே வந்தது. சீனாவில் 1990-களில் இறாலுக்கு இதே முறையைக் கட்டுப்பாடில்லாமல் பயன்படுத்தி, கடைசியில் தடை போட வேண்டியிருந்த அனுபவமும் எல்லோருக்கும் நினைவில் இருந்தது. ‘ப்ளூம்’ என்ற பிரெஞ்சு அமைப்பு இதை ஐரோப்பா முழுக்க ஒரு பிரச்சாரமாக மாற்றியது. பிரபல சமையல் கலைஞர்கள், கரன்ட் வைத்துப் பிடித்த மீனை வாங்க மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள்.

2018 ஜனவரி 16-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. தடைக்கு ஆதரவாக 402, எதிராக 232. 2021 ஜூலை 1 முதல் முழுத் தடை அமலுக்கு வந்தது. நெதர்லாந்து நீதிமன்றம் போய்ப் பார்த்தது. ‘அறிவியல் ஆய்வை மட்டுமே வைத்துச் சட்டம் இயற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை’ என்ற ரீதியில் 2021 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சர்வதேச கடல் ஆய்வு கவுன்சிலான ஐசிஇஎஸ், தடை முழுமையாக அமலாவதற்கு முந்தைய ஆண்டே தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. சோல் பிடிக்க, சங்கிலியைவிட மின்துடிப்பு முறையால் கடலடிக்குச் சேதம் குறைவு, எரிபொருளும் குறைவு என்பது அதன் முடிவு. அதாவது சுற்றுச்சூழலைக் காக்க என்று வந்த தடை, படகுகளை மீண்டும் சங்கிலிக்கே அனுப்பியது.

சிறு மீனவர்கள் சொன்னது பொய் என்றும் இதற்கு அர்த்தமல்ல. ஆய்வு கேட்ட கேள்வி, ‘ஒரு டன் சோலுக்கு எவ்வளவு சேதம்?’ என்பது. தேம்ஸ் மீனவர் கேட்ட கேள்வி, ‘என் வாசலில் வந்து எவ்வளவு அள்ளிக்கொண்டு போகிறாய்?’ என்பது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். கனத்த சங்கிலியோடு போக முடியாத மென்மையான தரையிலும் லேசான மின்வலை போக முடிந்தது. அதனால் பெரிய படகுகள் சிறு படகுகளின் இடத்துக்கே வந்தன. தடைக்கு மாற்றாக, யார் எங்கே பிடிக்கலாம் என்று கோடு போட்டிருக்கலாம். அப்படி ஒரு நடுவழி வாக்கெடுப்பில் எடுபடவில்லை.

கடல் இல்லாத மீனவ ஊர்

தடையின் அடி விழுந்த இடங்களில் முக்கியமானது உர்க். ஒரு காலத்தில் தீவு. 1932-ல் நெதர்லாந்து தன் உள்கடலை அணை கட்டி மூடியது, கடல் ஏரியானது. 1939-ல் உர்க் நிலத்தோடு இணைக்கப்பட்டது. வேறு எந்த ஊராக இருந்தாலும் தொழிலை மாற்றியிருக்கும். உர்க் மாற்றவில்லை. படகுகளை வட கடல் துறைமுகங்களில் நிறுத்திவிட்டு, மீனை லாரியில் ஊருக்குக் கொண்டுவந்து ஏலம் போட்டது. இன்றும் ஐரோப்பாவின் பெரிய தட்டை மீன் சந்தைகளில் ஒன்று கடல் இல்லாத இந்த ஊர்தான்.

இப்படிப்பட்ட ஊருக்கு 2021-22-ல் அடி மேல் அடி. ஜனவரியில் பிரெக்ஸிட்: டச்சுப் படகுகள் நம்பியிருந்த மீன்பிடிப் பகுதிகளில் கணிசமானவை பிரிட்டன் எல்லைக்குள் இருந்தன, ஒதுக்கீட்டில் ஒரு பங்கு பிரிட்டனுக்குப் போனது. ஜூலையில் மின்வலைத் தடை. அடுத்த பிப்ரவரியில் உக்ரைன் போர், டீசல் விலை எகிறல். சங்கிலி முறைக்குத் திரும்பிய படகுக்கு ஒரு முறை கடலுக்குப் போய்வரும் செலவே கட்டுப்படியாகவில்லை. கோட்டா கையில் இருந்தும் பல படகுகள் கரையிலேயே நின்றன. போதாததற்கு, கடலில் காற்றாலைப் பண்ணைகள் ஒவ்வொன்றாக எழும்ப, வலை இழுக்கும் இடமும் சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் அரசே படகுகளை வாங்கி உடைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிரெக்ஸிட் இழப்பீட்டு நிதியிலிருந்து 15.5 கோடி யூரோ. அப்பா, தாத்தா காலத்திலிருந்து ஒரே பெயரில் ஓடிய குடும்பப் படகுகள் பல உடைப்புக் கூடத்துக்குப் போயின.

சரி, கடலில் மீன் இருந்ததா இல்லையா? இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. 2018-ல் பிறந்த சோல் குஞ்சுகள் ஏராளம் என்று நிபுணர்கள் மதிப்பிட்டார்கள்; அதை நம்பித்தான் கோட்டா 21,000 டன்னைத் தாண்டியது. பின்னர் வந்த கணக்கெடுப்புகளில் அந்த எண்ணிக்கை முதலில் நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. கோட்டா மளமளவென்று சரிந்தது. அதாவது 2021-ல் பிடிபடாமல் விடப்பட்டதாகச் சொன்ன மீனில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டுமே நீந்திக்கொண்டிருந்தது. படகுகள் நின்றதற்கு டீசல் காரணம். கோட்டா சரிந்ததற்கு மீன் காரணம். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால், எதை எதன் தலையில் கட்டுவது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

பிரான்ஸ்: டால்பினுக்காக ஒரு மாத லீவு

பிரான்சின் பிஸ்கே விரிகுடாவில் சோல் பிடிக்கும் முறை வேறு. அங்கே வலை விரித்துக் காத்திருக்கும் சிறு படகுகள் அதிகம். மூன்று அடுக்கு வலை. நம்மூரில் இறாலுக்கு விரிக்கும் ‘டிஸ்கோ வலை’ இருக்கிறதே, அதே வகை. சங்கிலி கிடையாது, கடலடிச் சேதம் குறைவு, டீசலும் அதிகம் எரியாது. எல்லாம் சரி. ஆனால் குளிர்காலத்தில் அந்த விரிகுடாவின் வலைகளில் டால்பின்கள் சிக்கிச் செத்து, கரையில் ஒதுங்கின.

பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தலையிட்டது. 2024 ஜனவரி 22 முதல் பிப்ரவரி 20 வரை, 8 மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகுகளில் குறிப்பிட்ட சில வகை வலைகளைப் பயன்படுத்துபவை கடலுக்குப் போகக் கூடாது. சுமார் 450 படகுகள் கரையேறின. அடுத்த ஆண்டும் அதே தேதிகளில் இந்த நிறுத்தம் தொடர்ந்தது. சோல் முட்டையிடக் கூட்டமாகச் சேர்வது குளிர்காலத்தில்தான். வலைக்காரர்களுக்கு அதுதான் சீசன். நிவாரணம் கொடுத்தார்கள். ஆனால் படகு போகாவிட்டால் ஏலக்கூடத்துக்கும், ஐஸ் ஆலைக்கும், மீன் வெட்டும் தொழிலாளிக்கும் வேலை இல்லை. டால்பின் காப்பாற்றப்பட வேண்டியது என்பதில் மீனவர்களுக்கே பெரிய மறுப்பில்லை. நம் கிழக்குக் கரையில் 61 நாள் தடைக்காலம் வரும் என்று தெரிந்து அதற்கேற்ப ஆண்டைத் திட்டமிடுகிறோம். பிரெஞ்சு மீனவருக்கு அந்த ஒரு மாதம் முதல் தடவை கிட்டத்தட்ட திடீரென வந்து விழுந்தது.

அமெரிக்கா: மீன் இருக்கு, ஆள் இல்லை

பசிபிக் கரையில் கதை தலைகீழ். 2000-ம் ஆண்டில் அமெரிக்க அரசே மேற்குக் கரை மீன்பிடித் தொழிலைப் ‘பேரிடர்’ என்று அறிவித்தது. 2003-ல் 91 டிராலர்களை உரிமத்தோடு விலை கொடுத்து வாங்கித் தொழிலிலிருந்து விலக்கினார்கள். 2011-ல் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒதுக்கீடு. படகு தவறாமல் கண்காணிப்பாளர். வலையில் என்ன விழுந்தாலும் கணக்கில் வரும்.

கடுமையான மருந்து. பலனும் கிடைத்தது. அதிகமாகப் பிடிக்கப்பட்டு அழிவின் பக்கம் போன ‘பெட்ரேல் சோல்’, மீட்புத் திட்டம் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே, 2015-ல், மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு வேகமாக மீள்வது மீன்வளத்தில் அபூர்வம்.

ஆனால் பசிபிக் ‘டோவர் சோல்’? ஆண்டுக்கு 50,000 டன் வரை பிடிக்கலாம் என்று பல ஆண்டுகள் அனுமதி இருந்தது. பிடிபட்டது அதில் ஒரு சிறு பகுதி. ஆழக்கடல் மீன் அது. வயதாக ஆக இன்னும் ஆழத்துக்குப் போகும். ஆழத்தில் பிடிபடும் பெரிய மீனின் சதை தண்ணீராக, கொழகொழவென்று இருக்கும். உணவகக்காரர் கேட்பது ஐரோப்பிய டோவர் சோல். வீட்டுக்காரர் கேட்பது மலிவான, உறைய வைத்த திலாப்பியா. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மீன் இது. கூடவே, அதோடு சேர்ந்து சிக்கும் ‘சேபிள்’ மீனுக்கு ஒதுக்கீடு குறைவு. அது தீர்ந்துவிட்டால் டோவர் சோல் எவ்வளவு இருந்தாலும் வலையைச் சுருட்ட வேண்டியதுதான். தொழிலிலிருந்து படகுகளை அனுப்பிய பிறகு, மீன் வெட்டும் கூடங்களும் ஒவ்வொன்றாக மூடின. மீன் திரும்பி வந்தபோது அதைக் கையாளக் கரையில் போதிய ஆள் இல்லை.

வடக்கே பெரிங் கடலில் நடப்பது முற்றிலும் வேறு அளவு. மஞ்சள் துடுப்பு சோல் அங்கே பிடிபடும் அளவு உலகின் எந்தத் தட்டை மீனையும்விட அதிகம். 1959 முதல் 1962 வரை ஜப்பானிய, சோவியத் கப்பல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 4 லட்சம் டன் அள்ளின. மீன்வளம் சரிந்தது, மீள ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இப்போது சியாட்டிலைத் தளமாகக் கொண்ட சில பெரிய கப்பல்கள், 2008-ல் வந்த கூட்டுறவு ஒதுக்கீட்டு முறையில் பிடிக்கின்றன. தலையை வெட்டி, குடலை எடுத்து, கடலிலேயே உறைய வைத்து, பெரும்பாலும் சீனாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே துண்டு போடப்பட்டு, மீண்டும் உலகச் சந்தைக்கு வரும். அமெரிக்கரின் தட்டுக்கு வரும் அலாஸ்கா மீன் பசிபிக்கை இரண்டு முறை கடந்திருக்கலாம்.

இந்தக் கப்பல்களுக்கு லகான் போடுவது சோலின் எண்ணிக்கை அல்ல. பெரிங் கடலிலும் அலூஷியன் தீவுப் பகுதியிலும் எல்லாவகைக் கடலடி மீனும் சேர்த்து ஆண்டுக்கு 20 லட்சம் டன்தான் என்று ஒரு மொத்த வரம்பு உண்டு; அதில் பெரும்பங்கை பொல்லாக் மீன் எடுத்துக்கொள்ளும். இன்னொரு லகான், ஹாலிபட். சோல் வலையில் சிக்கும் ஹாலிபட்டை வைத்துக்கொள்ள முடியாது. கடலில் விட வேண்டும், அதில் நிறைய செத்துவிடும். அதே ஹாலிபட்டைத் தூண்டில் போட்டுப் பிடித்துத்தான் பெரிங் கடல் தீவுகளின் பழங்குடி மீனவர்கள் பிழைக்கிறார்கள். ஹாலிபட் குறைந்தபோது தூண்டில்காரரின் பங்கு வெட்டப்பட்டது; டிராலரின் வரம்போ அப்படியே நின்றது. பல ஆண்டுச் சண்டைக்குப் பிறகு, 2024 முதல் கடலில் ஹாலிபட் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப டிராலரின் வரம்பும் ஏறி இறங்க வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது.

காம்பியா: மரப்படகுக்காரர் கையில் சாவி

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு காம்பியா. அங்கே சோல் பிடிப்பது மரப்படகுகள், கடலடியில் விரிக்கும் செவுள் வலைகள். நம் நாக்கு மீனின் நெருங்கிய உறவுதான் அங்கே கிடைப்பது. உள்ளூர்க்காரர் அன்றாடம் சாப்பிடுவது ‘போங்கா’ மீன். சோல் உறைந்து ஐரோப்பாவுக்குப் போகும்.

2012-ல் காம்பிய அரசு கொஞ்சம் துணிச்சலான ஒரு காரியம் செய்தது. கரையோர சோல் மீன்வளத்தை நிர்வகிக்கும் பிரத்யேக உரிமையை, மீனவர்களும் வியாபாரிகளும் அடங்கிய தேசியக் கூட்டு மேலாண்மைக் குழுவிடமே சட்டப்படி கொடுத்தது. குஞ்சுகள் வளரும் மே முதல் அக்டோபர் வரை, கரையிலிருந்து ஒரு கடல் மைலுக்குள் வலை விரிப்பதில்லை என்று விதி செய்தார்கள். யாரோ தலைநகரில் போட்ட விதியைவிட, கூட இருப்பவர்கள் போட்ட விதியை மீற மனசு வராது என்பது கணக்கு.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத முடியாது. அங்கே வலை விரிப்பவர்களில் கணிசமானோர் செனகலிலிருந்து வருபவர்கள்; மீனும் எல்லை பார்த்து நீந்துவதில்லை. இரு நாட்டுக்கும் பொதுவான மீனை ஒரு நாடு மட்டும் காப்பது எப்படி என்பது, பாக் நீரிணையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குப் புரியாத கேள்வி அல்ல.

கேரளத்தின் ‘மாந்தள்’

இந்தியாவில் சோல் என்றால் முதலில் மலபார் கரைதான். அங்கே ‘மாந்தள்’ என்பார்கள். உள்ளங்கை நீளம்கூட வராத நாக்கு மீன். பச்சையாகக் குழம்பு, பொரியல். கருவாடாக்கினால் இன்னும் கிராக்கி. மழைக்காலம் முடிந்து, ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரையிலான 52 நாள் டிராலிங் தடை விலகியதும் வரத்து சூடுபிடிக்கும். மாந்தளுக்கு ஆயுள் குறைவு. வட கடல் சோல்போல ஒரே நல்ல ஆண்டை வைத்துப் பல ஆண்டுகள் ஓட்ட முடியாது. இந்த ஆண்டுக் குஞ்சு பிழைத்தால்தான் அடுத்த ஆண்டு வலையில் மீன்.

இங்கே மீனுக்கு மீன் கோட்டா கிடையாது. ஒரே டிரால் வலையில் டஜன் கணக்கில் வகைகள் வந்து விழும்போது, ஐரோப்பா மாதிரி டன் கணக்குப் போட்டுப் பிரிப்பது நடைமுறையில் கஷ்டம். அதற்குப் பதிலாகக் கேரளம் வலைக்கண் அளவையும், எந்த மீனை எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்பதையும் சட்டமாக்கியிருக்கிறது. பிடிபடும் குஞ்சு மீன் தீவன ஆலைக்குப் போகும் வரை, அந்த அளவை மீற வியாபாரக் காரணம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அதனால் சோதனை நடப்பது கடலில் மட்டுமல்ல. துறைமுகத்தில் மீன் இறங்கும் இடத்திலும்தான்.